மூன்றாவது வெள்ளி

காலையில் கஞ்சி வேண்டாம் என்றேன்.
யாருக்கு ஒருசந்தி, என்றான் மகன்,
தவக்காலத்துக்கு இன்னும் எட்டு வாரம் கிடக்கே.

யாருக்கு என்று சொல்ல?
ஹைஃபாவில், மூன்றாம் மாடியில்,
நான் குளிப்பாட்டி ஊசி போட்டுவிட்ட
அவ்னெர் சாரின் நாள்காட்டிப்படி
இன்றைக்கு தேபேத் மாதம் பத்து.

அன்று ஒன்றும் எரியவில்லை.
மதில் இடியவில்லை, கோயில் நின்றது.
பாபிலோன்காரன் வந்து எருசலேமைச் சுற்றிக்
கூடாரம் அடித்தான், அவ்வளவுதான்.
உள்ளே யாரோ பக்கத்து வீட்டில்
உப்பு கடன் வாங்கியிருப்பார்கள்.
மதில் உடைந்ததற்கு வேறு நாள் இருக்கிறது,
கோயில் எரிந்ததற்கு இன்னொன்று.
பின்னே இதற்கு ஏன் பட்டினி என்றேன்.
சட்டைக்குப் பாதிப் பொத்தான் போட்டபடி சொன்னார்:
வளைத்த அன்றே முடிந்துவிட்டது.
உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

எனக்குத் தெரியும் அந்த நாள்.
வியாழக்கிழமை.
ஆழக்கடலைக் காற்று வளைத்த நேரம்
சின்னத்துறைச் சந்தியில் நான்
மரச்சீனிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தாள்.
சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

கிளீட்டசுக்குத் தேதி இல்லை.
கோயிலில் எல்லாருக்கும் சேர்த்து நவம்பர் முப்பது.
தாலுகா ஆபீஸ் தாளில் வேறொன்று.
வள்ளவிளைப் போட்டுக்காரர் ஒருவர்
மூன்றாம் நாள் கண்டேன் என்றார்,
கவிழ்ந்த பலகைமேல், கையை அசைத்தானாம்.
வா என்று அசைத்தானா, போ என்றா,
அதை மட்டும்
ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்வார்.

அவ்னெர் சாரின் தங்கை போர்த்துனாவை
சலோனிக்காவில் ரயிலில் ஏற்றினார்கள். வயது ஆறு.
அதற்குப் பிறகு தேதி கிடையாது.
அந்த மாதிரி ஆட்களுக்கெல்லாம் சேர்த்து
இந்தப் பத்தாம் நாளைக் கொடுத்துவிட்டார்களாம்.
நாளை எழுதி வை என்று
எசேக்கியேலிடம் ஆண்டவர் சொன்னதும்
இதே நாளைத்தானாம்.
எழுதி வைத்த நாளின் இறவாரத்தில்
எழுதப்படாதவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் அது கிறிஸ்துமஸ் அன்றே வந்தது.
வீடியோவில் இங்கே ஆப்பமும் கறியும் காட்டினார்கள்.
அங்கே விடியுமுன் தொடங்கி
சொட்டுத் தண்ணீர் தொடாமல் அவர்.
சர்க்கரை வியாதி. டாக்டர் கூடாது என்றார்,
ரபியும் போன் பண்ணிக் கூடாது என்றார்.
மத்தியானம் கை நடுங்கியது.
ரொட்டியைத் தேனில் தொட்டு வாயில் வைத்தேன்,
என்னைத் திட்டிக்கொண்டே தின்றார்.
பாதி நாள் கணக்கில் வருமா என்றார்.
எனக்கெப்படித் தெரியும்?
மீதியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.
சாப்பிடவும் இல்லை.

பால்கனியில் நின்று வெள்ளி எண்ணுவது என் வேலை,
அவருக்குக் கண் மங்கல்.
மூன்று தெரிந்தால் நோன்பு முடியும்.
முதலில் வருவதைச் சேர்க்காதே, அது கிரகம் என்பார்.
எங்கள் கடப்புறத்தில் கிரகமும் வெள்ளி,
நட்சத்திரமும் வெள்ளி, கிழமையும் வெள்ளி என்றேன்.
அப்படியானால் உங்களுக்குச் சீக்கிரம் பசியாறிவிடும்
என்று சிரித்தார்.

அவர் போய் இரண்டு வருஷம்.
அவருக்குத் தேதி உண்டு.
நிமிடம்வரை நானே பார்த்துச் சொல்லி எழுத வைத்தேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.
டீசல் கொண்டுவந்த பார்த்திவபுரத்துக்காரர்
ஏகாதசி என்று டீயைத் தள்ளினார்.
நான் காரணம் சொல்லாமல் தள்ளினேன்.
இரண்டு காலி வயிறுமாகச் சேர்ந்து டிரம்மை உருட்டினோம்.

இப்போது கல்லுக்கட்டின் மேல் நிற்கிறேன்.
மேற்கே பெரிய வெள்ளி. அதை விட்டுவிட்டேன்.
உச்சியில் ஒன்று. அதுவும் கிரகமோ என்னவோ,
எண்ணிக்கொண்டேன்.
நிலாவுக்குத் தள்ளி, தெற்கே இன்னொன்று.
மூன்றாவது கடலில் தெரிகிறது,
தாழ, அசைந்து அசைந்து.
யார் வீட்டு வள்ளத்து விளக்கோ.
அதைச் சேர்க்கலாமா என்று கேட்க ஆளில்லை.

அம்மா, கஞ்சி ஆறுது, என்கிறான் மகன்.
கொஞ்சம் பொறு என்றேன்.